பின்னால் தாழ்ந்த கார்: காணாமல்போன 25 மில்லிமீட்டர்

அடுத்த முறை பள்ளி வாசலில் அப்பாவுக்காகவோ அம்மாவுக்காகவோ காத்து நிற்கும்போது, வரிசையாக வந்து நிற்கும் கார்களைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நிறத்தையும் எண் பட்டையையும் விட்டுவிடுங்கள். சக்கரத்துக்கும் அதன் மேல் வளைந்திருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். புதிய கார்களில் முன்னும் பின்னும் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே அளவு இடைவெளி இருக்கும். இருபது வயதைத் தாண்டிய கார்கள் சிலவற்றில் பின்சக்கரத்தின் தலை மட்கார்டுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். நான்கு மூட்டை அரிசியைப் பூட்டில் வைத்துவிட்டு யாரோ எடுக்க மறந்ததுபோல, ஆளில்லாத காரே பின்னால் குந்தி நிற்கும்.

கிள்ளானில் இருக்கும் என் பெரியப்பாவின் கார் அப்படித்தான் நின்றது. தொண்ணூறுகளில் வாங்கியது. வீட்டில் ஓடும் ஒரே கார் அதுதான். தீபாவளிக்குச் சுங்கைப்பட்டாணிக்குப் போகும்போது பின்னிருக்கையில் மூன்று பேர், பூட் நிறையப் பலகாரமும் துணிமணியும். சாலையில் சின்னக் குழி வந்தாலும் பின்னாலிருந்து "டொக்" என்று ஒரு சத்தம் முதுகெலும்பு வரை ஏறும். பட்டறைக்கு எடுத்துப் போனார். "அப்சார்பர் போய்விட்டது" என்றார்கள். இரண்டு அப்சார்பரையும் மாற்றினார்கள். கார் துள்ளுவது நின்றது, ஆனால் உயரம் ஏறவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு பட்டறையில் வேறொரு ஜோடி அப்சார்பர், வேறொரு பில். கார் அதே இடத்தில்தான் குந்தியிருந்தது.

பெரியப்பா செலவழித்த பணத்தை மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய அறிவியல், உங்கள் இயற்பியல் பாடநூலின் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். அதை எடுத்துக்கொண்டு காரின் அடியில் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

எடையைத் தாங்குவது யார்?

காரின் பின்சக்கரத்துக்கு அருகே இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, தடித்த எஃகுக் கம்பியைச் சுருட்டிச் செய்த சுருள்வில். பட்டறையில் ஸ்பிரிங் என்பார்கள். மற்றொன்று, குழாய்போல் நீண்டிருக்கும் அப்சார்பர். பல கார்களில் ஒன்றுக்குள் ஒன்றாக இவை பொருத்தப்பட்டிருப்பதால், பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே வேலையைச் செய்வதுபோல் தோன்றும்.

அப்சார்பருக்குள் எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், அதில் சின்னஞ்சிறு துளைகள். பிஸ்டன் நகர வேண்டுமானால் எண்ணெய் அந்தத் துளைகள் வழியே பிதுங்கிப் போக வேண்டும். ஊசி இல்லாத மருந்துப் பீச்சாங்குழல் ஒன்றில் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பாருங்கள். மெதுவாக அழுத்தினால் எதிர்ப்பே தெரியாது. வேகமாக அழுத்தினால் கட்டைவிரல் வலிக்கும். அப்சார்பர் தரும் விசை வேகத்தைப் பொறுத்தது.

இப்போது யோசியுங்கள். வாசலில் நிற்கும் காரின் பிஸ்டன் எந்த வேகத்தில் நகர்கிறது? நகரவே இல்லை. வேகம் சுழி என்றால் அப்சார்பர் தரும் விசையும் சுழி. நிற்கும் காரின் முழு எடையையும் தாங்குவது சுருள்வில்தான். வாயு நிரப்பிய அப்சார்பர்கள் மட்டும் ஓரளவு மேல்நோக்கித் தள்ளும். அதிலும் கிடைப்பது சில மில்லிமீட்டர்தான். ஆகவே, நின்ற நிலையில் தாழ்ந்திருக்கும் காருக்கு அப்சார்பர் மாற்றுவது, பசிக்குத் தலைவலி மாத்திரை போடுவது மாதிரி.

அப்சார்பர் உண்மையில் கெட்டிருக்கிறதா என்பதை அறிய ஒரு பழைய சோதனை உண்டு. பூட்டின் மூலையைக் கையால் பலமாக இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டு விடுங்கள். ஒரு முறை எழும்பி அடங்கினால் பரவாயில்லை. தொட்டில்போல் ஆடிக்கொண்டே இருந்தால் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது என்று பொருள். ஆட்டம் வேறு, உயரம் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பல குடும்பங்களின் பணம் போகிறது.

பேனாவுக்குள் இருக்கும் பாடம்

ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, வில்லின் நீட்சியும் அதன்மீது செயல்படும் விசையும் நேர்விகிதத்தில் இருப்பதைக் கண்டறிந்தார். பிறர் தமக்கு முன்பே சொல்லிவிடக் கூடாது, ஆனால் இப்போதே முழுவதையும் வெளியிடவும் மனமில்லை. எனவே 1676-இல் அந்தக் கருத்தை ஒரு லத்தீன் வாக்கியமாக எழுதி, அதன் எழுத்துகளைக் கலைத்து ஒரு புதிராக அச்சிட்டார். விடையை 1678-இல்தான் வெளியிட்டார். இன்று நீங்கள் மனப்பாடம் செய்யும் ஹூக் விதி முதலில் உலகுக்கு வந்தது ஒரு விடுகதையாகத்தான்.

அதை வீட்டிலேயே சோதிக்கலாம். தீர்ந்துபோன பேனா ஒன்றின் ஸ்பிரிங், ஒரு காலி பிளாஸ்டிக் போத்தல், கொஞ்சம் நூல், ஓர் அடிக்கோல் போதும். ஸ்பிரிங்கின் ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறுமுனையில் போத்தலைத் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு முறையும் 50 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து எழுதுங்கள். 50 மில்லிலிட்டர் தண்ணீரின் எடை ஏறக்குறைய 0.5 நியூட்டன். வரைபடத்தாளில் குறித்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும். நிறுத்தாமல் தொடர்ந்து ஊற்றுங்கள். ஒரு கட்டத்தில் கோடு வளையத் தொடங்கும். அப்போது போத்தலைக் கழற்றினால் ஸ்பிரிங் பழைய நீளத்துக்குத் திரும்பாது. மீள்மை எல்லையை அது தாண்டிவிட்டது.

பெரும்பாலோர் சோதனையை இத்துடன் முடித்துவிடுவார்கள். நீங்கள் முடிக்காதீர்கள். கெட்டுப்போன அதே ஸ்பிரிங்கை மீண்டும் மாட்டி, முதலிலிருந்து தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். புதிய கோடு பழைய கோட்டுக்கு ஏறக்குறைய இணையாகவே போகும்! ஒவ்வொரு 50 மில்லிலிட்டருக்கும் அது கிட்டத்தட்ட முன்பு நீண்ட அளவுதான் நீளும். மாறியது தொடக்க நீளம் மட்டுமே.

கார் ஸ்பிரிங்கிலும் இதே கதைதான், திசை மட்டும் எதிர். பேனா ஸ்பிரிங்கை நாம் இழுத்தோம், கார் ஸ்பிரிங்கைக் காரின் எடை அமுக்குகிறது. ஆண்டுகள் கழித்து அதன் இயல்பு நீளம் குறைந்துவிடுகிறது. "ஸ்பிரிங் இளகிவிட்டது, பலம் போய்விட்டது" என்று ஊரில் சொல்வது பாதிதான் சரி. துருப்பிடிக்காத ஸ்பிரிங்கின் விறைப்பு பெரிதாகக் குறைவதில்லை. அது குள்ளமாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

எஃகுக்குள் நடப்பது

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது. சுருள்வில்லை அமுக்கும்போது அதன் கம்பி வளைவதாகத்தானே நினைக்கிறீர்கள்? உண்மையில் கம்பி பெரும்பாலும் முறுக்கப்படுகிறது, ஈரத் துணியைப் பிழிவதுபோல. சுருள்வில் என்பது ஒரு நீண்ட முறுக்குக் கம்பியை இடம் மிச்சமாகும்படி சுருட்டி வைத்தது. 1948-இல் அறிமுகமாகி மலாயாச் சாலைகளிலும் ஓடிய மோரிஸ் மைனர் காரின் முன்பக்கத்தில், சுருட்டப்படாத நேரான முறுக்குக் கம்பியையே வில்லாகப் பயன்படுத்தினார்கள். அதன் பின்பக்கத்தில் இருந்தது பட்டை வில். இன்றும் லாரிகளிலும் பிக்கப் வண்டிகளிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளாக அதைப் பார்க்கலாம்.

முறுக்கு விசை கம்பியின் மையத்தைவிட மேற்பரப்பில்தான் மிக அதிகம். எஃகு கோடிக்கணக்கான நுண் படிகங்களால் ஆனது. அந்தப் படிகங்களில் அணு வரிசைகள் ஆங்காங்கே பிசகி இருக்கும். காரின் எடை இரவும் பகலும், இருபது முப்பது ஆண்டுகள் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டே இருக்கிறது. ஆள் நிறைந்த கார் வேக மேட்டில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் மேற்பரப்பில் ஒரு சில பிசகுகள் இம்மியளவு நகர்ந்து, திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிடும். ஒரு முறை நகர்வதை எந்தக் கருவியாலும் வீட்டில் அளக்க முடியாது. பல ஆண்டுகள் சேர்ந்தால் அடிக்கோலிலேயே தெரியும்.

ஸ்பிரிங் செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் எஃகில் சிலிக்கன் சேர்ப்பார்கள். அது இந்தப் பிசகுகள் நகர்வதைத் தடுக்கிறது. செய்து முடித்த ஸ்பிரிங்கை ஆலையிலேயே ஒரு முறை வேண்டுமென்றே மிகையாக அமுக்கி, முதல் தளர்ச்சியை அங்கேயே நடக்கவிட்டு அனுப்புவார்கள். பள்ளிக் காலணியை வாங்கியதும் வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்குவதுபோல. மேற்பரப்பின்மீது சிறு எஃகு மணிகளை வேகமாக வீசி அடித்து, விரிசல் எளிதில் தொடங்காதபடி அதை இறுக்கவும் செய்வார்கள்.

நம் நாட்டு வெயிலில் ஸ்பிரிங் இளகுகிறது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எஃகுக்கு நம் வெயில் ஒரு பொருட்டே அல்ல. நம் நாட்டின் உண்மையான எதிரி ஈரம். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 12 மில்லிமீட்டர் கம்பியைத் துரு அரித்து 11.5 மில்லிமீட்டர் ஆக்கினால் விட்டத்தில் இழப்பு நான்கு விழுக்காடுதான். கணிப்பானில் 11.5-ஐ 12-ஆல் வகுத்து, வந்த விடையை நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். 0.84 வரும். விறைப்பில் 16 விழுக்காடு போய்விட்டது! அதோடு, துரு அரித்த சிறு குழிகள் விரிசல் தொடங்கும் இடங்களாகவும் ஆகின்றன. ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்று ஒரு கிண்ணம் போன்ற இருக்கையில் உட்கார்ந்திருக்கும். வெள்ளத்தில் ஓட்டிய காரில் அந்தக் கிண்ணத்தில் சேறு தங்கி, தண்ணீர் வடியும் துளை அடைபட்டால், அந்தச் சுற்று மாதக்கணக்கில் ஈரத்தில் ஊறும்.

இது அழகுப் பிரச்சினை அல்ல

"கொஞ்சம் தாழ்ந்தால் என்ன, பந்தயக் கார் மாதிரி இருக்கிறதே" என்று கேட்கும் அண்ணன்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு கணக்கு. எண்களை எளிமைக்காக நானே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சிறிய காரின் பின்பக்கத்தில், சக்கரம் இருக்கும் இடத்தில் கணக்கிட்ட வில் மாறிலி ஒரு பக்கத்துக்கு 20 நியூட்டன்/மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கார் காலியாக நிற்கும்போது, சக்கரம் மேலேறி ரப்பர் தடுப்பானில் மோதுவதற்கு 80 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது.

பின்னிருக்கையில் மூவர், பூட்டில் சாமான், மொத்தம் 200 கிலோகிராம் பின்சக்கரங்களின்மேல் ஏறுகிறது. ஒரு பக்கத்துக்கு 100 கிலோகிராம், அதாவது ஏறக்குறைய 1000 நியூட்டன். 1000-ஐ 20-ஆல் வகுத்தால் 50. கார் 50 மில்லிமீட்டர் இறங்கும். மீதி இடம் 30 மில்லிமீட்டர். சாதாரணச் சாலைக்கு அது போதும்.

இப்போது ஸ்பிரிங் குள்ளமாகி, கார் ஏற்கனவே 25 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று வையுங்கள். மீதி 5 மில்லிமீட்டர். உங்கள் கைவிரலின் பாதித் தடிமன்கூட இல்லை. பெரியப்பா காரின் "டொக்" சத்தம் இதுதான். சக்கரம் தடுப்பானில் மோதும் நொடியில் ஸ்பிரிங் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. மழைநாளில் வளைவில் திரும்பும்போது அப்படி மோதினால் பின்சக்கரம் சாலையைப் பிடித்திருக்கும் பிடி ஒரு கணம் தளரும். கார் வழுக்க அந்த ஒரு கணம் போதும்.

இரவில் இன்னொரு ஆபத்து. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2.4 மீட்டர் என்றால், பின்னால் 25 மில்லிமீட்டர் இறங்குவது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று என்ற சாய்வு. தாழ்ந்த ஒளியில் முன்விளக்கைப் பொதுவாக ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கீழிறங்கும்படி அமைப்பார்கள். அதுவும் நூற்றுக்கு ஒன்றுதான்! தளர்ந்த ஸ்பிரிங் அந்த முழுப் பாதுகாப்பையும் தின்றுவிடுகிறது. அதன்மேல் ஆட்களும் ஏறினால், ஒளி ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலேறத் தொடங்கும். 50 மீட்டர் தொலைவில் அது விளக்கின் உயரத்தைவிட ஒரு மீட்டர் மேலே போய்விடும். எதிரே வரும் மோட்டார் சைக்கிளோட்டியின் கண் அங்கேதான் இருக்கிறது. நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆள் ஏறும்போது விளக்கைத் தாழ்த்தச் சில கார்களில் ஒரு திருகு வைத்திருப்பார்கள். பழைய கார்கள் பலவற்றில் அதுவும் கிடையாது.

சில வேன்களிலும் பிக்கப்களிலும் பின் பிரேக்கின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது, பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்க்கும் ஒரு வால்வு. ஸ்பிரிங் தளர்ந்தால் அது ஏமாந்துபோய், வண்டியில் பாரம் இருப்பதாக எண்ணி, காலி வண்டியின் பின்சக்கரத்தை மிகையாகப் பிடிக்கும்.

நம் நாட்டில் தனியார் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை கிடையாது. யாரும் வந்து அளந்து சொல்லப் போவதில்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் அளக்க வேண்டும்.

அளவு நாடாவோடு அரை மணி நேரம்

சமதளமான இடத்தில் காரை நிறுத்தச் சொல்லுங்கள். பூட்டைக் காலி செய்யுங்கள். பூட்டுக்குள் ஒரு வீட்டையே வைத்திருக்கும் கார்கள் உண்டு! பெரியப்பாவின் பூட்டில் பழைய பேட்டரி ஒன்று, ஒரு பெட்டி தரை ஓடுகள், கோயில் விழாவுக்கு வாங்கிய பாயாசக் கரண்டி வரை இருந்தன. நான்கு சக்கரங்களிலும் காற்றைச் சரிபாருங்கள். பிறகு பூட்டை இரண்டு முறை அழுத்திவிட்டுக் காரைத் தானாக அடங்க விடுங்கள். மூட்டுகளில் உள்ள உராய்வு அளவைக் கெடுக்காமல் இருக்க இது தேவை.

சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள். டயரின் தேய்மானமும் காற்றும் கணக்கில் நுழைந்துவிடும். நான்கு மூலையையும் அளங்கள். பின்னிருக்கையில் எடை தெரிந்த இரண்டு பேரை உட்காரவைத்து மறுபடியும் அளங்கள். எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால், உங்கள் காரின் பின் வில் மாறிலியைத் தோராயமாக நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அறிவியல் விழாவுக்கு இதைவிட நல்ல செயல்திட்டம் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது எண்கள் பேசத் தொடங்கும். இரண்டு பக்கமும் சமமாகத் தாழ்ந்திருந்தால், வயதால் வந்த தளர்ச்சி. ஒரு பக்கம் மட்டும் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், அல்லது அது உட்காரும் இடம் துருவால் இற்றுப்போயிருக்கலாம். இந்த இரண்டாவது மிகவும் ஆபத்தானது. புதிய ஸ்பிரிங் வாங்கிப் போட்டாலும் அதைத் தாங்க இடம் இருக்காது.

பெரியப்பாவின் காரில் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 18 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. மூன்றாவதாகப் போன பட்டறையில் அந்தத் தாளைக் காட்டினோம். அதைப் பார்த்த மெக்கானிக் காரை உயர்த்தி, டார்ச் விளக்கை அடித்து, கிண்ணத்திலிருந்த சேற்றை நோண்டி எடுத்தார். உள்ளே கீழ்ச் சுற்று உடைந்து, துண்டு தனியாகக் கிடந்தது.

மாற்றும்போது

உடையாத வலப்பக்க ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றினார்கள். பழசு ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம் என்றால் கார் சரிந்துதான் நிற்கும். கழற்றிய வலப்பக்க ஸ்பிரிங்கைப் புதியதின் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்தோம். 15 மில்லிமீட்டர் குட்டை. "15 மில்லிமீட்டர்தானா?" என்று பெரியப்பா ஏமாற்றத்தோடு கேட்டார். அவர் காரில் பின்சக்கரத்தைத் தாங்குவது கதவுபோல் ஒரு முனையில் கீல் உள்ள ஒரு கை. ஸ்பிரிங் அந்தக் கையின் முனையில் இல்லை, கீலிலிருந்து மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில் உட்கார்ந்திருக்கிறது. நெம்புகோல் கணக்குப்படி, அங்கே 15 மில்லிமீட்டர் என்றால் சக்கரத்தில் 22.5 மில்லிமீட்டர். ஒரே மாடல் காரிலும் செடானுக்கு ஒரு ஸ்பிரிங், வேகனுக்கு வேறு ஸ்பிரிங் இருக்கும். பல நிறுவனங்கள் கம்பியில் வண்ணக் கோடுகள் போட்டு அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. பழைய உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் மலிவுதான். ஆனால் அதுவும் இதேபோல் இருபது ஆண்டுகள் ஒரு காரைச் சுமந்துவிட்டு வந்ததாக இருக்கலாம்.

குறுக்கு வழிகளும் உண்டு. சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் கட்டையைச் செருகுவது அவற்றில் ஒன்று. கார் உடனே உயரும். ஆனால் ரப்பர் இருக்கும் சுற்றுகள் வேலை செய்வதை நிறுத்திவிட, மற்றச் சுற்றுகள் அவற்றின் பங்கையும் சேர்த்து முறுக்கப்படும். விறைப்பு கூடி, சவாரி கடினமாகும். ஏற்கனவே களைத்த ஸ்பிரிங்குக்கு அது நல்லதல்ல. ஸ்பிரிங்கின் தலையில் தடித்த வளையம் வைப்பது அதைவிடப் பரவாயில்லை. விறைப்பு மாறாது. ஆனால் பெருங்குழியில் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் அபாயம் கூடும். ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பை பொருத்துவது எப்போதாவது பாரம் ஏற்றுபவர்களுக்கு உதவும். தளர்ந்த ஸ்பிரிங்கைக் குணப்படுத்தாது.

எரிவாயுச் சுடரால் ஸ்பிரிங்கைச் சூடாக்கி இழுத்து நீட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அப்பாவின் கையைப் பிடித்து அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். எஃகைச் சூடாக்கி, சட்டெனக் குளிரவைத்து, மீண்டும் அளவாகச் சூடாக்கித்தான் அதற்கு வில்லின் தன்மையைத் தருகிறார்கள். சுடர் பட்ட இடத்தில் அந்தத் தன்மை அழிந்துவிடும். பிறகு அது வெறும் இரும்புக் கம்பிதான்.

இன்னொரு நுணுக்கம், பலர் விட்டுவிடுவது. அந்தக் கையின் கீலில் ரப்பர் புஷ் இருக்கிறது. காரை ஜேக்கில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே அந்த நட்டை முழுதாக முறுக்கிவிட்டால், காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கப்பட்ட நிலையிலேயே நிரந்தரமாக இருக்கும். சீக்கிரம் கிழிந்துவிடும். நல்ல மெக்கானிக், காரைச் சக்கரங்களில் நிற்கவைத்த பிறகுதான் கடைசி முறுக்கைத் தருவார். அன்று அவர் தரையில் படுத்து அதைச் செய்வதைப் பார்த்தபோது, இவரிடம் முதலிலேயே வந்திருக்கலாமே என்று பெரியப்பா முணுமுணுத்தார்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்களே ஸ்பனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போய்விடாதீர்கள். அளப்பது உங்கள் வேலை, கழற்றுவது உங்கள் வேலை அல்ல. 20 நியூட்டன்/மில்லிமீட்டர் ஸ்பிரிங் 100 மில்லிமீட்டர் அமுங்கியிருந்தால் அதில் அடைந்து கிடக்கும் ஆற்றல் 100 ஜூல். பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றல் அது. மூட்டையாவது மென்மையானது, இது எஃகு. சில கார்களில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கத் தனிக் கருவி இல்லாமல் அதைக் கழற்றவே கூடாது. ஜேக்கில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் தலையை நுழைக்கவும் கூடாது. அதற்கென்று ஜேக் ஸ்டாண்டு இருக்கிறது.

வேலை முடிந்த அன்று மாலை பெரியப்பாவின் காரை மறுபடியும் அளந்தோம். இரண்டு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் இருந்தன. புதிய ஸ்பிரிங் முதல் சில வாரங்களில் இன்னும் கொஞ்சம் அமரும். அதனால் ஒரு மாதம் கழித்து மீண்டும் அளந்து, முன்விளக்கின் கோணத்தையும் சரிசெய்துகொள்ளும்படி அந்த மெக்கானிக் சொல்லி அனுப்பினார். அளவு எழுதிய தாளைப் பெரியப்பா இப்போது காரின் பதிவு அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார். அடுத்த அளவை எழுத அதில் இடம் விட்டிருக்கிறார்.